ஏபெல் டாஸ்மன் பூங்காவில் நான்கு நாள்: முதலில் கடல் வற்றும் நேரத்தைப் பாருங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: பிப்ரவரி கடைசியில் கணவர், 13 வயது மகளோடு நியூசிலாந்து போகிறீர்கள். தென் தீவின் வட முனையில் உள்ள ஏபெல் டாஸ்மன் தேசியப் பூங்காவுக்கு நான்கு நாள் வைத்திருக்கிறீர்கள். நடை, கூடாரம், கயாக் (துடுப்பு போட்டு ஓட்டும் குறுகிய படகு) மூன்றும் வேண்டும். மகளுக்கு மட்டும் நீச்சல் தெரியும், கயாக்கில் மூவரும் உட்கார்ந்ததே இல்லை, சாப்பாடு சைவம். முடியுமா, எப்படிப் பிரித்துக்கொள்வது?

தாராளமாக முடியும். ஆனால் நீங்கள் போட்டு வைத்திருக்கும் வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். முதலில் விமான டிக்கெட், அப்புறம் முகாம் இடம், அப்புறம் கயாக், எல்லாம் முடிந்தபின் கடைசியாகக் கடல் ஏற்ற இறக்க அட்டவணை என்று போகிறீர்கள், பெரும்பாலானவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். இந்தப் பூங்காவில் அட்டவணைதான் முதலில் வர வேண்டும். இங்கே கடல் மட்டம் ஒரே நாளில் நான்கு மீட்டர் வரைகூட ஏறி இறங்கும், நியூசிலாந்தின் மற்றக் கரைகளோடு பார்த்தால் இது மிக அதிகம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் கூடும். காலையில் படகு மிதந்த இடத்தில் மதியம் வெறும் மணல்தான் இருக்கும், அதில் நடந்தே போகலாம்.

அவாரோவா என்று ஒரு கழிமுகம் பாதையின் நடுவே குறுக்கிடுகிறது. அங்கே பாலம் கிடையாது, சுற்றிப் போக வேறு பாதையும் கிடையாது. கடல் முழுதாக வற்றும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பிருந்து, வற்றியபின் இரண்டு மணி நேரம் வரைதான் கடக்கலாம் என்று பூங்காவை நிர்வகிக்கும் இயற்கைப் பாதுகாப்புத் துறை சொல்கிறது (இங்கே எல்லோரும் அதை டாக் என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்). அந்த நேரத்திலும் முழங்கால் அளவு தண்ணீர் இருக்கலாம். நேரம் தப்பினால் அடுத்த இறக்கம் வரப் பன்னிரண்டரை மணி நேரம் ஆகும். சிலர் இதைச் சும்மா எச்சரிக்கை என்று நினைத்து இறங்கி, பாதி வழியில் இடுப்பளவு நீரில் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். குழந்தையோடு போகும்போது, அதுவும் பெரியவர்கள் இருவருக்கும் நீச்சல் தெரியாமல், அந்த விளையாட்டு வேண்டாம்.

இறக்கம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். இதை வைத்துக் கணக்குப் போடலாம். நீங்கள் அவாரோவாவைக் கடக்கப் போவது நான்காம் நாள் (முழு வழியைக் கீழே சொல்கிறேன்). அன்றைக்குக் கடல் காலை 10 மணி வாக்கில் வற்றினால் உங்களுக்கு அதிர்ஷ்டம், ஏனென்றால் 8.30 முதல் 12 வரை அவகாசம் கிடைக்கும், முகாமில் நிதானமாகக் காபி போட்டுக் குடித்துவிட்டு இறங்கலாம். அப்படியானால் மூன்றாம் நாள் இறக்கம் 9.10 வாக்கில், இரண்டாம் நாள் 8.20 வாக்கில், முதல் நாள் 7.30 வாக்கில். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் காலையிலேயே முகாமை விட்டுக் கிளம்பும்போது உங்கள் முன்னால் ஒவ்வொரு கழிமுகம் வரும், இரண்டும் அந்நேரம் வற்றித்தான் இருக்கும். முதல் நாள் கயாக் இறக்கும்போது தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும், அதுவும் நல்லது. ஒரு நாள் இப்படி அமைந்தால் நான்கு நாளும் தானாக அமைந்துவிடும். உங்கள் பயணத் தேதிகளை மூன்று நான்கு நாள் முன்னே பின்னே நகர்த்த முடியும் என்று எழுதியிருந்தீர்கள், அந்தச் சுதந்திரத்தை இதற்குத்தான் செலவழிக்க வேண்டும். நான்காம் நாள் இறக்கம் காலை 6 மணிக்கு வந்தால் 8 மணிக்குள் கடந்தாக வேண்டும், கூடாரத்தைப் பிரித்து மடித்துக் குழந்தையை எழுப்பி இதெல்லாம் இருட்டிலேயே தொடங்க வேண்டியிருக்கும். அட்டவணை பார்க்கும்போது, அது கோடை காலத்து ஒரு மணி நேர மாற்றத்தைச் சேர்த்துக் கணக்கிட்டதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள், ஏப்ரல் தொடக்கம் வரை அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும்.

இனி வழி. கடற்கரைப் பாதை மொத்தம் 60 கிலோமீட்டர், தெற்கே மாரஹாவ் என்ற சிற்றூரில் தொடங்கி வடக்கே வைனூயி வரை. முழுவதும் நடக்க மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். நீங்கள் அதை முழுதாக முடிக்க வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். நான்கு நாளில் அறுபதும் நடந்தால் கயாக்குக்கு நேரமே இருக்காது, மகள் மூன்றாம் நாளே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். என் யோசனை: முதல் நாள் மாரஹாவிலிருந்து ஆங்கரேஜ் வரை கயாக், இரவு அங்கே கூடாரம். இரண்டாம் நாள் ஆங்கரேஜிலிருந்து பார்க் பே வரை நடை, கழிமுகத்தைக் குறுக்கே கடந்தால் எட்டரை கிலோமீட்டருக்குள், சுற்றிப் போனால் பதினொன்றரை. மூன்றாம் நாள் பார்க் பேயிலிருந்து அவாரோவா, 13.5 கிலோமீட்டர், இதுதான் நீளமான நாள், ஒரு மலைக் கணவாயையும் ஏறி இறங்க வேண்டும். நான்காம் நாள் காலையில் அவாரோவாவைக் கடந்து டோட்டாராநுயி வரை சுமார் 7 கிலோமீட்டர், அங்கிருந்து வாட்டர் டாக்சி என்ற பயணிகள் படகில் ஏறி மாரஹாவுக்குத் திரும்பிவிடலாம். வடக்கே மிச்சமிருக்கும் ஃபாரிஃபாரங்கி பக்கம் அழகுதான், பழைய பண்ணை வீடு ஒன்றைத் தங்குமிடமாக மாற்றி வைத்திருக்கிறார்கள், ஆனால் அதையும் சேர்த்தால் இன்னொரு நாள் வேண்டும்.

கயாக் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், உங்கள் நிலையில் யோசிக்க வேண்டிய இடம் அதுதான். மாரஹாவிலும் பக்கத்து ஊரான கைட்டெரிட்டெரியிலும் பல நிறுவனங்கள் கயாக் வாடகைக்குத் தருகின்றன. வழிகாட்டி இல்லாமல் நீங்களே எடுத்துப் போகும் வாடகைக்குப் பொதுவாக இருவர் உட்காரும் கயாக்தான் கொடுப்பார்கள். நீங்கள் மூவர். இருவர் ஒன்றில், மூன்றாமவர் தனியாக என்றால் பெரும்பாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வயது வரம்பும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், 13 வயதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் வழிகாட்டியோடு போகும் பயணத்தையே எடுங்கள். ஆள் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வந்தால் மிஞ்சியவரை வழிகாட்டி தன் கயாக்கிலேயே முன்னால் உட்கார வைத்துக்கொள்வார், மகளுக்கு அந்த இடம் கிடைத்தால் விடாதீர்கள், மற்றவர்களைவிட அதிகம் கதை கேட்பாள். பெயர் பதியும்போதே மூவருக்கும் நீச்சல் நிலையைச் சொல்லிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. லைஃப் ஜாக்கெட்டை எல்லோரும் கட்டாயம் போட்டாக வேண்டும். கிளம்பும் முன் கரையில் வைத்து, கவிழ்ந்தால் எப்படி வெளியே வருவது, இடுப்பைச் சுற்றி மாட்டும் நீர் புகாத உறையை எந்தப் பட்டையை இழுத்துக் கழற்றுவது என்று சொல்லித் தருவார்கள், அந்தப் பாடத்தின்போது போட்டோ எடுத்துக்கொண்டிருக்காமல் கவனமாகக் கேளுங்கள். இருவர் கயாக் அகலமானது, நீங்கள் பயப்படும் அளவுக்குச் சட்டென்று கவிழாது.

காலை நேரத்துப் பயணத்தைக் கேட்டு வாங்குங்கள். வெயில் நன்றாக அடிக்கும் கோடை நாளில் நிலம் சூடாகி, பிற்பகலில் கடலிலிருந்து வடகிழக்குக் காற்று எழும்பும். வடக்கே போகிறவர்களுக்கு அது எதிர்காற்று, துடுப்பு போட்டும் கயாக் அசையாத மாதிரி இருக்கும், தோள் விட்டுப் போகும். காலை ஒன்பது மணிக் கடலும் மதியம் இரண்டு மணிக் கடலும் இரண்டு வேறு கடல்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாரஹாவிலிருந்து வடக்கே போகும்போது அடெல் தீவுக்கும் கரைக்கும் இடையில் ஒரு பாதுகாப்பான நீர்ப்பரப்பு வரும். 1827ல் பிரெஞ்சு மாலுமி துமோன் துர்வில் தன் அஸ்ட்ரோலாப் கப்பலை நங்கூரமிட்டு நிறுத்தியது இங்கேதான், அந்தக் கப்பலின் பெயரே இந்த நீர்ப்பரப்புக்கு இன்றும் இருக்கிறது. பெரிய கப்பலுக்கே ஒதுங்க இடம் கொடுத்த நீர் என்பதால் முதன்முறை துடுப்பு பிடிப்பவர்களுக்கும் ஏற்றதுதான். தீவில் எலி, ஸ்டோட் (கீரி மாதிரி ஒரு வேட்டை விலங்கு) போன்றவற்றை ஒழித்துவிட்டதால் பறவைச் சத்தம் அதிகம், காலையில் கயாக்கை நிறுத்திவிட்டுச் சும்மா கேட்கலாம்.

பலரும் கேட்பது சீல் என்ற கடல்நாய்களைப் பார்க்கும் டோங்கா தீவுப் பக்கம். அது இன்னும் வடக்கே, 1993ல் அறிவித்த கடல் காப்பகத்துக்குள் இருக்கிறது, மீன் பிடிப்பதோ சிப்பி எடுப்பதோ அங்கே கூடாது. சீல்களிடமிருந்து குறைந்தது 20 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அதற்காகத் தனியாக ஒரு நாள் கயாக் போடத் தேவையில்லை என்பது என் கருத்து, ஏனென்றால் நான்காம் நாள் டோட்டாராநுயியிலிருந்து திரும்பும் வாட்டர் டாக்சிகள் வழக்கமாக அந்தத் தீவை ஒட்டித்தான் வரும், பாறை மேல் படுத்திருக்கும் சீல்களைக் காட்டவே கொஞ்சம் வேகம் குறைப்பார்கள்.

வாட்டர் டாக்சி என்றதும் நம் ஊர்ப் படகுத்துறையை நினைக்காதீர்கள். பூங்காவுக்குள் பெரும்பாலான இடங்களில் துறை கிடையாது. மாரஹாவில் படகு ஒரு டிரெய்லர் மேல் நிற்கும், நீங்கள் தெருவிலேயே ஏறி உட்கார்ந்துகொள்வீர்கள், டிராக்டர் ஒன்று அப்படியே ஊர் வழியாக இழுத்துக்கொண்டு போய்க் கடலில் இறக்கிவிடும். கடல் வற்றியிருந்தால் டிராக்டர் வெகுதூரம் மணலில் ஓட வேண்டும். இறங்கும் கடற்கரையில் முழங்கால் தண்ணீரில் கால் வைக்க வேண்டியிருக்கும், அதனால் ஷூவைப் பையில் வைத்துவிட்டுச் செருப்போடு ஏறுங்கள். இந்தப் படகுகள் பைகளையும் ஒரு கடற்கரையிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டு போகும். முதல் நாள் நீங்கள் கயாக்கில் போகும்போது கூடாரமும் பெரிய பைகளும் படகில் ஆங்கரேஜ் வந்து சேரும்படி ஏற்பாடு செய்யுங்கள். மூன்றாம் நாளுக்கும் ஒரு பையை அனுப்பலாமா என்று யோசிக்கலாம், அந்த நாள் மலை ஏற்றம் உண்டு.

முகாம் இடங்கள். பாதை நெடுகப் பல இருக்கின்றன, எல்லாமே டாக் இணையதளத்தில்தான் பதிய வேண்டும், வருடம் முழுவதும் முன்பதிவு கட்டாயம், மகளுக்கும் சேர்த்து. வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல், அதைப் பார்த்துக் கோபப்படாதீர்கள். கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி கடைசி வரை உள்ளூர்ப் பள்ளி விடுமுறை, இடமே கிடைக்காது, பிப்ரவரி கடைசியில் கொஞ்சம் மூச்சு விடலாம், கடல் நீரும் அப்போதுதான் வெதுவெதுப்பாக இருக்கும். ஆங்கரேஜ் பெரிய முகாம், கொஞ்சம் கூட்டமாகத்தான் இருக்கும். அங்கிருந்து ஒரு சின்ன மேட்டைத் தாண்டினால் தே புகாடேயா என்ற பிறைவடிவக் கடற்கரை, அதிலும் சிறிய முகாம் ஒன்று உண்டு. இடம் கிடைத்தால் அதையே எடுங்கள் என்பேன். கிடைக்காவிட்டால் சாயங்காலம் அங்கே போய்க் குளித்துவிட்டு வாருங்கள். கூடாரம் போடும்போது முளைகள் மணலில் நிற்காது என்பதால் புல்தரையாகப் பாருங்கள், கடலைப் பார்த்த மாதிரி முன்வரிசையில் போட ஆசை வரும், பிற்பகல் காற்றை நினைத்து மரத்துக்குப் பின்னால் போடுங்கள். குப்பைத் தொட்டி எங்கும் கிடையாது, கொண்டு போனதெல்லாம் உங்கள் பையிலேயே திரும்பி வர வேண்டும். குடிநீர் சுத்திகரித்தது என்று பலகை சொன்னால் ஒழியக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

கூடாரம் ஒரு இரவுக்குப் போதும், மழை வந்தால் தாங்காது என்று நினைத்தால் நடுவில் ஒரு இரவு ஹட் என்ற தங்கும் குடிலில் இருக்கலாம். ஆங்கரேஜ், பார்க் பே, அவாரோவா மூன்றிலும் ஹட் உண்டு. வரிசையாகப் படுக்கைகள், கழிவறை, அடுப்படி மேசை, அவ்வளவுதான். சமைக்க அடுப்பு இருக்காது, அதையும் நீங்கள்தான் சுமக்க வேண்டும். மற்ற நியூசிலாந்துப் பாதைகளில் கேஸ் அடுப்பு இருக்கிறதே என்று படித்துவிட்டு இங்கே வெறுங்கையோடு வருபவர்களை அடிக்கடி பார்க்கலாம்.

சாப்பாடு. சைவம் என்பதால் கஷ்டம் ஒன்றுமில்லை, சுங்கத்தில்தான் கவனம் தேவை. விமான நிலையத்தில் உணவுப் பொருள் எதுவாக இருந்தாலும் படிவத்தில் அறிவித்தாக வேண்டும், மறந்துபோய் ஒரு ஆப்பிளைப் பையில் விட்டிருந்தால்கூட அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதைகள் இதெல்லாம் ஊரிலேயே விட்டுவிடுங்கள். பயன்படுத்திய கூடாரம், நடைக்கான ஷூ இரண்டையும் மண் ஒட்டாமல் கழுவிக் காயவைத்து எடுத்துப் போங்கள், அவற்றையும் அறிவிக்க வேண்டும், எடுத்துப் பார்ப்பார்கள். கேஸ் டின் விமானத்தில் ஏற்ற முடியாது, நீங்கள் விமானத்தில் வந்திறங்கும் நெல்சனிலோ, வழியில் மொட்டுயெகாவிலோ வாங்கிக்கொள்ளலாம். மாரஹாவுக்கு முன் சூப்பர்மார்க்கெட் உள்ள கடைசி ஊர் மொட்டுயெகா, பதினெட்டு கிலோமீட்டர் முன்னாலேயே வந்துவிடும், எல்லாவற்றையும் அங்கேயே முடித்துவிடுங்கள். ரவை அல்லது கூஸ்கூஸ், சிவப்பு மசூர் பருப்பு (சீக்கிரம் வேகும், கேஸ் மிச்சம்), ஓட்ஸ், வேர்க்கடலை வெண்ணெய், ரொட்டி. வெந்நீர் ஊற்றினால் ஆகிவிடும் சாப்பாடாகப் பாதி வைத்துக்கொள்ளுங்கள், நடந்து வந்த களைப்பில் யாரும் தாளிக்க மாட்டார்கள். அவாரோவாவில் ஒரு விடுதி இருக்கிறது, திறந்திருந்தால் பாதையில் போகிறவர்களும் உட்கார்ந்து சாப்பிடலாம், ஆனால் அதை நம்பி ஒரு வேளை உணவைக் குறைக்காதீர்கள்.

சாப்பாட்டை வெளியில் விடாதீர்கள். வேக்கா என்று ஒரு பறவை, கோழி அளவு, பறக்கத் தெரியாது, திருடத் தெரியும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிஸ்கட் பாக்கெட்டை இழுத்துக்கொண்டு புதருக்குள் ஓடும், கூடாரத்து வாயில் ஜிப்பைத் திறந்து வைத்தால் உள்ளேயே வந்துவிடும். உங்கள் மகளுக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் தீனி போட விடாதீர்கள்.

தொல்லை என்று சொன்னால் இரண்டுதான். ஒன்று ஸாண்ட்ஃப்ளை, கொசுவைவிடச் சின்ன கருப்பு ஈ, கணுக்காலைத்தான் தேடி வரும், கடித்த இடம் நாள் கணக்கில் அரிக்கும். நடந்துகொண்டிருந்தால் தொல்லை இல்லை, நின்றதும் வந்துவிடும். கால் மூடும் பேன்ட்டும் மருந்தும் எடுத்துப் போங்கள். இன்னொன்று குளவி, கோடையின் பிற்பகுதியில்தான் அதிகம், அதாவது நீங்கள் போகும் சமயம். பீச் (beech) என்ற காட்டு மரங்களில் வடியும் இனிப்புத் திரவத்துக்காகக் கூடும். யாருக்காவது கொட்டினால் வீங்கும் ஒவ்வாமை இருந்தால் டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே வெயிலும் மோசம், மேகமாக இருந்தாலும் தோல் கன்றிப் போகும், கயாக்கில் கையின் மேற்புறத்துக்கும் காதுக்கும் சன்ஸ்கிரீன் மறந்துவிடும். செல்போன் சிக்னல் பெரும்பாலான இடங்களில் கிடையாது, அவசர உதவி அழைக்கும் பீக்கன் கருவியை வாடகைக்கு எடுத்தால் நிம்மதி. மழைக்குப் பின் பாதையில் மண் சரிந்து சில பகுதிகளை மூடுவதுண்டு, கிளம்புவதற்கு முந்தைய நாள் டாக் அறிவிப்பைப் பாருங்கள்.

நடையில் எங்கெங்கே நிற்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். இரண்டாம் நாள் கழிமுகத்தைக் குறுக்கே கடந்தால் நேரம் மிச்சம், ஆனால் கிளியோபாட்ரா குளம் என்ற இடம் சுற்றுப்பாதைப் பக்கம்தான் இருக்கிறது, ஓடையில் வழவழப்பான பாறை இயற்கையான சறுக்கு போல அமைந்திருக்கும், 13 வயதுக்கு அதுதான் நாளின் பெரிய விஷயம். தண்ணீர் எலும்பு வரை குளிரும். சுற்றுப்பாதை எடுத்தால் கூட மூன்று கிலோமீட்டர், என்னைக் கேட்டால் அதற்காகவே சுற்றிப் போவேன். அப்புறம் ஃபால்ஸ் ஆற்றின் மேல் ஒரு தொங்கு பாலம், ஆடும், நிறையப் பேர் ஒன்றாக ஏறாதீர்கள். மூன்றாம் நாள் டோங்கா குவாரி வரும், பழைய கருங்கல் குவாரி, நெல்சன் தேவாலயத்துக்கு ஏறும் படிகள் இந்தக் கல்தான். இந்தக் கரை மணல் பொன்னிறமாக இருப்பதற்கும் அதே கருங்கல்தான் காரணம், கல் தேய்ந்து மணலாகும்போது அதிலிருக்கும் இரும்பு துருப்பிடித்துச் சாயம் ஏற்றுகிறது. ஓனெட்டாஹூட்டி கடற்கரையில் மதியச் சாப்பாட்டுக்கு உட்காருங்கள், அதற்கப்புறம்தான் மலை ஏற்றம்.

அவாரோவாவில் ஒரு கடற்கரைத் துண்டுக்குத் தனிக் கதை உண்டு. சுமார் 7 ஹெக்டேர் தனியார் நிலம் அது, 2016ல் விற்பனைக்கு வந்தபோது யாரோ பணக்காரர் வாங்கி வேலி போட்டுவிடுவாரோ என்று பேச்சு எழுந்தது, கிட்டத்தட்ட 40,000 பேர் இணையத்தில் காசு போட்டு, இரண்டு மில்லியன் டாலருக்கு மேல் சேர்த்து வாங்கிப் பூங்காவிடம் கொடுத்துவிட்டார்கள். பூங்காவுக்குப் பெயர் கொடுத்த டச்சுக்காரர் ஏபெல் டாஸ்மனோ இங்கே கரையில் கால்கூட வைக்கவில்லை. 1642 டிசம்பரில் வடக்குப் பக்கம் நங்கூரமிட்டார், நாட்டி டுமாட்டாகோகிரி என்ற மாவோரி (நியூசிலாந்தின் பூர்வகுடி) குலத்தாரோடு மோதல் வந்து அவருடைய ஆட்கள் நால்வர் செத்தார்கள், அப்படியே கிளம்பிப் போய்விட்டார். சரியாக 300 வருடம் கழித்து 1942ல் பூங்கா அமைத்தபோது அவர் பெயரை வைத்தார்கள். கிட்டத்தட்ட 237 சதுர கிலோமீட்டர், நியூசிலாந்தின் தேசியப் பூங்காக்களிலேயே மிகச் சிறியது.

வந்து சேர்வது எளிது. நெல்சனுக்கு விமானம், அங்கிருந்து மாரஹாவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் அல்லது பேருந்து. முந்தைய இரவு மாரஹாவிலேயே தங்கிவிடுங்கள், நெல்சனில் தங்கிக் காலையில் ஓடி வந்தால் காலைக் கயாக் கைவிட்டுப் போகும்.

அவாரோவாவைக் கடக்கும்போது ஷூவைக் கழுத்தில் தொங்கவிட்டு வெறுங்காலோடு நடக்கலாம் என்று தோன்றும், வேண்டாம், அடியில் சிப்பி ஓடுகள் கிழிக்கும், செருப்போ பழைய கேன்வாஸ் ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள். ஆரஞ்சு நிற அடையாளங்களை நோக்கியே போங்கள், குறுக்கே சேறான இடங்கள் உண்டு. எதிர்க்கரைக்குப் போனபின் வைஹராகேகே என்ற கடற்கரை வரும், நேரம் மிஞ்சியிருந்தால் குளிக்க நல்ல இடம். டோட்டாராநுயியிலிருந்து தெற்கே கிளம்பும் படகுகள் ஒரு நாளைக்குச் சிலதான், கடைசிப் படகு பிற்பகலிலேயே போய்விடும். அதனால் அட்டவணையில் தேதி முடிவானதும் முதலில் பதிய வேண்டியது அவாரோவா முகாம், இரண்டாவது அந்தத் திரும்பும் படகு, கயாக்கும் மற்ற இரண்டு முகாமும் அதற்கப்புறம். அவாரோவா நிரம்பியிருந்தால், விடுமுறையை அவ்வளவு நகர்த்த முடியுமானால் தேதியைப் பதினான்கு பதினைந்து நாள் தள்ளிப் பாருங்கள், இறக்கம் ஏறக்குறைய அதே நேரத்துக்குத் திரும்பி வந்திருக்கும். மார்ச் நடுவிலும் வானிலை நன்றாகவே இருக்கும்.